மகன் லீவுக்காகக் காத்திருக்காமல் துபாய் பார்த்தோம்: நோல் கார்டு, மெட்ரோ, அப்ரா பற்றி ஒரு கண்டக்டரின் அனுபவம்

எங்கள் எதிர்வீட்டு லாத்தா (எங்கள் பக்கம் அக்காவை இப்படித்தான் சொல்வோம்) 2023-இல் மகனைப் பார்க்கத் துபாய் போய் 28 நாள் இருந்துவிட்டு வந்தார். "துபாய் எப்படி இருந்துச்சு லாத்தா?" என்று கேட்டேன். "பால்கனியில நின்னா ஒரு பெரிய ரோடு தெரியும் தம்பி. ராத்திரி பகலா வண்டி போய்க்கிட்டே இருக்கும்" என்றார். மகன் காலையில் ஏழு மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவான். மருமகளுக்கும் வேலை. வாரக் கடைசியில் ஒரு மால், இல்லாவிட்டால் கடற்கரை. 28 நாளில் அவர் வெளியே போனது ஆறு தடவை. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி என்று எங்கள் கடற்கரை முழுக்கத் தெருவுக்குத் தெரு சபராளி வீடுகள்தான், அதாவது வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களின் வீடுகள். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற உம்மா வாப்பாக்களில் பலர் இப்படி பால்கனியைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள்.

நான் இராமநாதபுரம் டெப்போவில் 31 வருடம் கண்டக்டராக இருந்தவன். பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போகும் வண்டி. 2022-இல் ஓய்வு பெற்றேன். 2024 டிசம்பரில் நானும் என் மனைவியும் இளைய மகனிடம் போய் 24 நாள் இருந்தோம். அதில் 17 நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக வெளியே போய்வந்தோம். மகனின் காரில் இல்லை, டூர் வேனில் இல்லை. 25 திர்ஹம் (அந்த நாட்டுப் பணம்) விலையுள்ள, நோல் என்ற வெள்ளி நிறப் பயண அட்டையை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போனோம். அந்த அட்டையைப் பற்றியும் அதைக் காட்டி ஏறிய ரயில், பஸ் பற்றியும் எழுத வேண்டும் என்று ஊருக்கு வந்ததிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே போகிற பெற்றவர்கள் படிக்க வேண்டும். அவர்களை அழைக்கிற பிள்ளைகளும் படிக்க வேண்டும்.

புறப்படும் முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கு முதலில் ஒரு ஏஜெண்டிடம் கொடுத்தோம், பெயர் வேண்டாம். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன் பாய்" என்று சொல்லி பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் மட்டும் வாங்கிக்கொண்டார். அந்த நவம்பரில்தான் துபாயில் விசிட் விசாவுக்குச் சோதனையை இறுக்கியிருந்தார்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்துக்கு ஆதாரம் இரண்டும் வேண்டும். ஹோட்டல் என்றால் புக்கிங். சொந்தக்காரர் வீடு என்றால் அவருடைய வாடகை ஒப்பந்தம், எமிரேட்ஸ் ஐடி நகல், ரெசிடென்ஸ் விசா நகல். ஏஜெண்ட் இதில் ஒன்றைக்கூடக் கேட்டு வாங்கவில்லை. விண்ணப்பம் அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது நாள் வீணாய்ப் போனது. மகன் அங்கிருந்து எல்லாக் காகிதத்தையும் அனுப்பிய பிறகுதான் விசா வந்தது. யாரிடம் கொடுத்தாலும் சரி, இந்தக் காகிதங்களை முதலில் உங்கள் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு கொடுங்கள். 30 நாள், 60 நாள் என்று இரண்டு வகை விசா இருக்கிறது. தேதி தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். முன்பெல்லாம் சில நாள் சலுகை இருந்தது, இப்போது கிடையாது. நாங்கள் போனபோது ஒரு திர்ஹம் சுமார் 23 ரூபாய், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது கசகசா. இதை எங்கள் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குருமாவுக்கும் வெள்ளைக் கறிக்கும் நாம் அரைத்துப் போடும் சாதாரண கசகசா அந்த நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் கணக்கில் வருகிறது. என் மனைவி மகனுக்காக இரண்டு கிலோ கறி மசாலா திரித்து வைத்திருந்தார். "அதுல கசகசா போட்டியாடி?" என்று அவருடைய அக்கா போனில் கேட்டபோதுதான் நினைவு வந்தது. அந்த மசாலாவை ஊரிலேயே வைத்துவிட்டு, கசகசா இல்லாமல் மறுபடி திரித்தோம். வெற்றிலை, பான் வகைகளும் கொண்டுபோகக் கூடாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துப் போங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை இரண்டையும் பெட்டியில் வைக்கவே வேண்டாம். தொதல் என்ற எங்கள் ஊர் இனிப்பும் கருப்பட்டியும் தாராளமாகப் போகும். நாங்கள் மூன்று கிலோ தொதல் கொண்டுபோனோம், மகனின் ரூமில் முன்பு ஒன்றாக இருந்த பையன்கள் எல்லாரும் வந்து வாங்கிப் போனார்கள்.

கீழக்கரையிலிருந்து திருச்சிக்கு வேன், அங்கிருந்து நேரடி விமானம். மதுரை பக்கம்தான், ஆனால் அந்த வாரம் அங்கே டிக்கெட் விலை கூடுதல். விமானம் எங்களை டெர்மினல் 2-இல் இறக்கியது. இதைக் கவனியுங்கள்: துபாய் விமான நிலையத்தில் டெர்மினல் 1, டெர்மினல் 3 இரண்டிலும் மெட்ரோ நிலையம் இருக்கிறது, டெர்மினல் 2-இல் இல்லை. அங்கே இறங்கினால் பஸ் அல்லது டாக்சிதான். விமான நிலையத்தில் ஏறும் டாக்சியில் மீட்டரே 25 திர்ஹத்தில்தான் தொடங்கும். இரவில் பெட்டி படுக்கையோடு இறங்குகிறவர்கள் அதற்கு யோசிக்க வேண்டாம், டாக்சி நேர்மையாக மீட்டரில்தான் ஓடுகிறது. மெட்ரோவில் போவதானால் ஒரு ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பை, அவ்வளவுதான்.

மகன் வீடு அபு ஹைலில். முதல் இரண்டு நாள் லாத்தா சொன்ன மாதிரியேதான் போனது. "சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க வாப்பா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் மகன். அங்கே இப்போது வெள்ளிக்கிழமை முழு விடுமுறை இல்லை. 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுதான் வார விடுமுறை, அரசு அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை. அவன் மேல் குறையில்லை, உழைக்கிற பிள்ளை. ஆனால் எனக்குக் கால் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை, மகன் போனதும், மனைவியைக் கூட்டிக்கொண்டு நடந்தே அபு ஹைல் மெட்ரோ நிலையத்துக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "டூ சில்வர்" என்றேன். 50 திர்ஹம் கொடுத்தேன், இரண்டு அட்டை கொடுத்தார். ஒவ்வொன்றிலும் 19 திர்ஹம் பயணத்துக்கு இருக்கும், மீதி 6 அட்டைக்கு. ஐந்து வருடம் செல்லும். நோல் என்றால் அரபியில் கட்டணம் என்று அர்த்தமாம். சிவப்பு நிறத்தில் 2 திர்ஹத்துக்குக் காகிதச் சீட்டும் உண்டு, ஆனால் அதில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு திர்ஹம் கூடுதல். தங்க அட்டை என்றால் தனிப் பெட்டி, இரட்டைக் கட்டணம். ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் தங்குகிறவருக்குக் காகிதச் சீட்டு போதும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் வெள்ளி அட்டைதான் சரி.

கட்டணக் கணக்கு எனக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது, ஏனென்றால் அது நம்ம பஸ்ஸின் ஸ்டேஜ் கணக்கேதான். துபாய் முழுவதையும் 7 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே மண்டலத்துக்குள் போனால் 3 திர்ஹம், பக்கத்து மண்டலத்துக்குப் போனால் 5, இரண்டுக்கு மேல் தாண்டினால் 7.50. மெட்ரோவானாலும் நகரப் பஸ்ஸானாலும் டிராமானாலும் இதே கணக்கு. ரயிலிலிருந்து இறங்கி 30 நிமிடத்துக்குள் பஸ் ஏறினால் அதையும் சேர்த்து ஒரே பயணமாகவே எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த ஊரைப் பாராட்ட வேண்டும். நம்ம ஊரில் ஏர்வாடியிலிருந்து வருகிறவர் கீழக்கரையில் இறங்கி அடுத்த வண்டி மாறினால் புதிதாக ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பேன். கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் இப்படி இரண்டு டிக்கெட்டுக்குக் காசு வாங்கும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்தும். ஒரே டிக்கெட்டில் வண்டி மாறிப் போகிற ஏற்பாட்டை என் கண்ணால் பார்த்தது துபாயில்தான்.

அட்டையில் 15 திர்ஹத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கேட்டில் நிற்க வேண்டிவரும். பணம் ஏற்ற இயந்திரத்தில் குறைந்தது 20 திர்ஹம் போட வேண்டும், கவுண்டரில் குறைந்தது 50. ஆளுக்கு ஒரு அட்டை கட்டாயம். ஒரே அட்டையைக் காட்டிக் கணவனும் மனைவியும் போக முடியாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கட்டணமில்லை. ஏறும்போது காட்டுவது போலவே இறங்கும்போதும் அட்டையைக் காட்ட வேண்டும். ரயிலில் இதை மறக்க முடியாது, கேட் திறக்காது. பஸ்ஸில்தான் மறந்துவிடுவோம். வெளியே போகத் தொடங்கிய இரண்டாம் நாள் நான் மறந்து இறங்கிவிட்டேன், அதிகபட்சக் கட்டணமான 7.50 போய்விட்டது. அதன் பிறகு பஸ் நிறுத்தம் வரும் முன்பே அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

மெட்ரோ 2009 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கியது, முதலில் சிவப்புப் பாதை. சரியாக இரண்டு வருடம் கழித்து அதே தேதியில் பச்சைப் பாதை. ஓட்டுநர் கிடையாது, தானாகவே ஓடுகிறது. யூனியன், புர்ஜுமான் என்ற இரண்டு நிலையங்களில் பாதை மாறிக்கொள்ளலாம். திங்கள் முதல் வியாழன் வரையிலும் சனிக்கிழமையும் காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை ஓடும். வெள்ளிக்கிழமை இரவு 1 மணி வரை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை 8 மணிக்குத்தான் தொடக்கம். இது தெரியாமல் நாங்கள் ஒரு ஞாயிறு பஜ்ர் தொழுதுவிட்டு ஆறரைக்கே போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம். பக்கத்தில் ஒரு மலையாளி கடையில் கடக் சாயா குடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் நல்ல காலைதான்.

பெண்கள், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, நடைமேடையிலும் பெட்டியின் தரையிலும் இளஞ்சிவப்பில் குறித்திருக்கிறார்கள். ஆண்கள் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால் 100 திர்ஹம் அபராதம். மனைவியோடு போகிறோமே என்று பேச்சு சுவாரசியத்தில் கூடவே நுழைந்துவிடாதீர்கள். ரயிலிலும் நிலையத்திலும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அதற்கும் 100. சூயிங்கமும் அதில் சேரும். அட்டையைக் காட்டாமல் போனால் 200. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏறுவதற்கு முன்பே ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள். பரிசோதகர்கள் கையில் சின்ன மெஷினோடு வருகிறார்கள். மரியாதையாகக் கேட்கிறார்கள், ஆனால் விட்டுக்கொடுப்பதில்லை. செக்கிங் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்த எழுதவில்லை. சுத்தத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பதினைந்து வருடம் ஓடிய வண்டி, சீட்டில் ஒரு கிழிசல் நான் பார்க்கவில்லை.

சாலையைக் குறுக்கே கடந்தால் 400 திர்ஹம், இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலமோ சிக்னலோ இருக்கிற இடத்தில்தான் கடக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பெரிய விஷயம். என் மனைவி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், ஆங்கிலம் தெரியாது. நிலையப் பெயர்கள் எப்படித் தெரியும் என்ற பயத்தில் முதல் நாள் என் கையை விடவே இல்லை. இரண்டாம் நாள் ரயிலுக்குள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "மச்சான், இதுல அபூபக்கர் ஸித்தீக்னு போட்டிருக்கு" என்றார். அடுத்த நிலையம், "ஸலாஹுத்தீன்." எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலத்துக்கு மேலே அரபியிலும் எழுதியிருக்கிறது. சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதிய எழுத்து அது. குர்ஆன் ஓத மட்டும் பயன்பட்ட எழுத்து, ரயில் நிலையத்தில் வழிகாட்டுகிறது. யூனியன் என்று ஆங்கிலத்தில் சொல்வதை அரபியில் "அல் இத்திஹாத்" என்கிறார்கள். அவர் எழுத்துக்கூட்டி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

பதினோராம் நாள் அவர் தனியாகப் போனார். அவருடைய தங்கச்சி மகள் பனியாஸ் ஸ்கொயர் பக்கம் குடியிருக்கிறாள். அபு ஹைலிலிருந்து நான்காவது நிலையம், கட்டணம் 3 திர்ஹம். நான் கேட் வரை போய் வழியனுப்பினேன். இருபது நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது: "வந்துட்டேன் மச்சான், பனீ யாஸ்னு படிச்சுத்தான் இறங்கினேன்." மாலையில் தனியாகவே திரும்பியும் வந்தார். கடைசி வருட சர்வீஸில் நான் டவுன் பஸ்ஸில் டூட்டி பார்த்தேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது, அதுவரை வீட்டு ஆம்பிளைகளோடு மட்டுமே வந்துகொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர், மூன்று பேராக இராமநாதபுரம் வந்து போனதைப் பார்த்தவன் நான். அதே முகத்தை அன்றைக்கு என் மனைவியிடம் பார்த்தேன்.

வாட்ஸ்அப் என்றதும் ஒன்று. அங்கே வாட்ஸ்அப்பில் செய்தியும் குரல் பதிவும் போகும், அழைத்துப் பேச முடியாது. அங்கே பலரும் போட்டிம் என்ற ஆப்பில் பேசுகிறார்கள், ஊரில் இருப்பவர்களின் போனிலும் முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் அப்ரா என்ற மரப்படகு. பச்சைப் பாதையில் அல் ராஸ் நிலையத்தில் இறங்கி, மசாலா சூக் (சந்தை) வழியாகக் கொஞ்சம் நடந்தால் க்ரீக் வந்துவிடும். கடல் ஊருக்குள் கை நீட்டியது போன்ற கழி. இக்கரை தேரா, அக்கரை பர்துபாய். மரப்படகில் கடக்க ஒரு திர்ஹம். நோல் கார்டு வேண்டாம், காசாகப் படகோட்டியிடமே கொடுக்க வேண்டும், அதனால் ஒரு திர்ஹம் சில்லறைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். படகின் நடுவில் நீள பெஞ்சு, இரண்டு பக்கமும் பார்த்து முதுகோடு முதுகு சேர்த்து உட்கார வேண்டும். ஏறக்குறைய இருபது பேர். நிறைந்ததும் கிளம்பிவிடும். எத்தனை மணிக்கு என்று பார்க்கத் தேவையில்லை, ஒன்று போனால் அடுத்தது நிற்கிறது. படகோட்டி நடுவில் பள்ளத்தில் நின்று ஓட்டுகிறார். நாங்கள் ஏறிய படகை ஓட்டியவர் வங்காளதேசத்துக்காரர். ஐந்து நிமிடப் பயணம்.

அந்த ஐந்து நிமிடத்துக்காக நாங்கள் ஏழு தடவை போனோம். தேரா கரையில் பெரிய மரத் தோணிகள் வரிசையாக நிற்கின்றன, பிரிட்ஜும் டயரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஈரானுக்கும் அந்தப் பக்கத்துத் துறைமுகங்களுக்கும் போகின்றன. கீழக்கரைக் கடற்கரையில் இருந்து பார்த்த எனக்கு அந்த டீசல் வாடையும் உப்புக் காற்றும் அந்நியமாக இல்லை. என் வாப்பாவின் வாப்பா மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர். எங்கள் பக்கத்துக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். இந்த துபாயும் ஒரு காலத்தில் முத்துக்குளித்துப் பிழைத்த ஊர்தான். ஜப்பான்காரர்கள் முத்தைப் பண்ணையில் வளர்க்கத் தொடங்கியதும் 1930-களில் அந்தத் தொழில் விழுந்தது, ஊரே பட்டினி கிடந்தது. எண்ணெய் கிடைத்தது 1966-இல். உயரக் கட்டடத்தைப் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அப்ராவில் உட்கார்ந்தால் தெரியும். துபாய்க்குப் போய் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் க்ரீக்குக்குப் போங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள். அக்கரையில் இறங்கி அல் பஹீதி பக்கம் நடந்தால் காற்றுக் கோபுரம் வைத்த பழைய வீடுகள் இருக்கின்றன. கரண்டு இல்லாத காலத்தில் மேலே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கியிருக்கிறார்கள். தெருவைச் சுற்றிப் பார்க்கக் காசில்லை.

திரும்பும்போது ஒரு தடவை அல் குபைபா நிலையத்திலிருந்து மெட்ரோவில் வாருங்கள். அல் குபைபாவுக்கும் அல் ராஸுக்கும் நடுவில் ரயில் க்ரீக்குக்கு அடியில் போகிறது. பாம்பனில் 1914-லிருந்து கடலுக்கு மேலே ரயில் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தண்ணீருக்குக் கீழே போனபோது என் மனைவி கண்ணை மூடி ஓதிக்கொண்டார்.

பஸ்ஸைப் பற்றி என்னால் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் முயல்கிறேன். எஃப் என்று தொடங்கும் எண்ணுள்ள பஸ்கள் மெட்ரோ நிலையத்திலிருந்து உள் தெருக்களுக்குப் போகிறவை. கண்டக்டர் கிடையாது. டிரைவரிடம் காசு நீட்டாதீர்கள், வாங்கமாட்டார். முன்வாசலில் ஏறி, நடுவாசலில் இறங்க வேண்டும். முன் இருக்கைகள் பெண்களுக்கு. பல நிறுத்தங்களில் குளிர்சாதன அறையே கட்டியிருக்கிறார்கள். டிரைவர்களில் பாகிஸ்தான்காரர், கேரளத்துக்காரர், நம்ம ஆள் எல்லாரும் உண்டு. திருவாடானைக்காரர் ஒருவரைப் பார்த்தேன், இருக்கையை விட்டு எழ முடியாதே, கண்ணாடியில் பார்த்தே பேசினார். வண்டியை நிறுத்தத்தின் விளிம்போடு ஒட்டி, படி உயரமில்லாமல் நிறுத்துகிறார்கள். முதியவர்கள் கால் தூக்கத் தேவையில்லை. எத்தனை பாட்டிமார்களைக் கை பிடித்து ஏற்றியிருக்கிறேன் நான், அதனால் அந்த விளிம்பு எனக்குக் கண்ணில் பட்டது. எந்த பஸ் எங்கே போகும் என்பதற்கு ஸஹைல் என்ற ஆப் இருக்கிறது, கூகுள் மேப்பிலும் சரியாகக் காட்டுகிறது.

புர்ஜ் கலீஃபாவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 828 மீட்டர், 2010 ஜனவரியில் திறந்தது. கீழே நின்று பார்க்கக் கட்டணமில்லை, மேலே ஏற டிக்கெட் வேண்டும். நாங்கள் ஏறவில்லை. அபு ஹைலிலிருந்து 5 திர்ஹம், யூனியனில் சிவப்புப் பாதைக்கு மாற வேண்டும். ஆனால் ஒன்று: நிலையத்திலிருந்து துபாய் மாலுக்குள் போகக் கண்ணாடி நடைபாதை மட்டும் 800 மீட்டருக்கு மேல். நகரும் தளம் இருக்கிறது, இருந்தாலும் மாலுக்குள் நடப்பதையும் சேர்த்தால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதிகம். நாங்கள் போனபோது நீரூற்று மாலை 6 மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை ஆடியது. கைப்பிடிச் சுவரில் இடம் வேண்டுமென்றால் ஒரு ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது முன்னால் போய்விடுங்கள்.

அபுதாபிக்கு அல் குபைபா பஸ் நிலையத்திலிருந்து இ 100 என்ற பஸ் போகிறது. 25 திர்ஹம், நோல் கார்டிலேயே. சுமார் இரண்டு மணி நேரம். ஷேக் ஸாயித் பெரிய பள்ளிவாசலுக்கு நுழைவுக் கட்டணமில்லை, ஆனால் இணையத்தில் முன்பே நேரம் பதிந்துகொண்டு போக வேண்டும். பெண்கள் தலை, கை, கால் மறைக்கும் உடையில் போக வேண்டும். 82 குவிமாடம். வெயில் சாயும்போது அந்த வெள்ளைப் பளிங்கு நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் அசர் தொழுகை முதல் மஃரிப் தொழுகை வரை அங்கேயே இருந்தோம். என்னோடு 11 வருடம் வண்டி ஓட்டிய உச்சிப்புளி டிரைவர் அண்ணன், கோயில் பற்றிக் கேட்டார். 2024 பிப்ரவரியில் திறந்த பெரிய இந்துக் கோயில் அபுதாபியில் இருக்கிறது. துபாய்க்குள்ளேயே ஜபல் அலியில் 2022-இல் திறந்த கோயிலும் உண்டு. அண்ணனும் அண்ணியும் போகும்போது இந்தத் தகவல் உதவும்.

யாருக்கு இந்த முறை ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு ஒத்துவராது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள பத்து நிமிட நடைகூட அந்த வெயிலில் முதியவர்களுக்கு ஆபத்து. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். கைக்குழந்தை, சக்கர நாற்காலி இருந்தால் ரயிலில் லிஃப்ட் எல்லாம் இருக்கிறது, ஆனால் காலை 7 முதல் 9 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நான்கு பேர் சேர்ந்து பக்கத்து இடத்துக்குப் போனால் டாக்சியே கணக்குக்குக் கட்டுப்படியாகும். வெளியே போகும்போது பிள்ளையின் வீட்டு விலாசத்தையும் பக்கத்து மெட்ரோ நிலையத்தின் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: உம்மா வாப்பா வந்து இறங்கிய மறுநாளே ஆளுக்கு ஒரு வெள்ளி அட்டை வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு தடவை கூட ஏறி இறங்கிக் காட்டுங்கள். அரை மணி நேர வேலை.

24 நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் அபுதாபியும் சேர்த்து, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் படகுக்குமாக ஆன செலவு 318 திர்ஹம். அட்டை விலையும் அதற்குள் அடக்கம்.

ஊருக்கு வந்த மறுவாரம் எதிர்வீட்டு லாத்தா வந்தார். பிப்ரவரியில் மறுபடி மகனிடம் போகிறாராம். என் மனைவி தன் அட்டையை எடுத்துக் கொடுத்தார், அதில் இன்னும் 16 திர்ஹம் மிச்சம் இருந்தது. லாத்தாவின் மகன் வீடு அல் குஸைஸில், அதுவும் பச்சைப் பாதைதான். ஒரு துண்டுத் தாளில் நான் தமிழில் நிலையப் பெயர்களை எழுத, பக்கத்தில் அதையே அரபியில் என் மனைவி எழுதினார். "அல் ராஸ்ல இறங்கி நேரா நடங்க லாத்தா, மிளகு வாடை வரும், அப்புறம் தண்ணி தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.